லண்டனில் எங்கள் டேக்அவே கடையை இரவு 11 மணிக்கு மேலும் திறந்து வைக்க விரும்புகிறோம். அக்கம்பக்கத்தார் எதிர்த்தாலும் அனுமதி கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கேட்ட நேரம் அப்படியே கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் தினமும் இரவு 2 மணி வரை கேட்டோம். தந்தது வெள்ளி, சனி 1 மணி, மற்ற நாட்களில் 12.

கடை என் அத்தானுடையது. லண்டன் புறநகரில், கீழே கடை, மேலே வீடு என்று இருக்கிற ஒரு சின்னத் தெரு. கொத்துரொட்டி, ஃப்ரைட் ரைஸ், ரோல்ஸ், அப்புறம் அந்தத் தெருவுக்காகக் கொஞ்சம் சிக்கனும் சிப்ஸும். எங்கள் சனம் பத்து மணிக்கு மேல்தான் வரும், வேலை முடிந்து. பதினொன்றுக்கு ஷட்டரை இறக்கும்போது வாசலில் நாலு பேராவது நிற்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அத்தானுக்கு ஆசை வந்தது.

முதலில் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டு லைசன்சிங் சட்டப்படி, இரவு 11 முதல் காலை 5 வரை சூடான சாப்பாடோ சூடான பானமோ விற்க உங்கள் பகுதிக் கவுன்சிலிடம் (உள்ளாட்சி மன்றம்) லைசன்ஸ் எடுக்கவேண்டும். கதவைச் சாத்திவிட்டு டெலிவரிக்கு மட்டும் கொடுத்தால் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் விற்பனைதான். லைசன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விண்ணப்பக் கட்டணம் கடையின் ரேட்டபிள் வேல்யூவை, அதாவது வரி போடுவதற்காகக் கணிக்கும் ஆண்டு வாடகை மதிப்பைப் பொறுத்தது. 4,301 முதல் 33,000 பவுண்டு வரையான கடைக்கு, அதாவது எங்களைப் போன்றவர்களுக்கு, 190 பவுண்டு. உள்ளூர்ப் பேப்பரில் விளம்பரமும் போடவேண்டும். எங்களுக்கு அது கட்டணத்தைவிடக் கூடப் போனது.

பிறகு வெளிர்நீலத் தாளில் ஒரு அறிவித்தலை அடித்துக் கண்ணாடியில் 28 நாள் ஒட்டி வைக்கவேண்டும். நாங்கள் செய்த பெரிய பிழை இங்கேதான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தத் தாளை ஒட்டினோம். மேலே குடியிருக்கிறவர்கள் பால் வாங்கப் போகும் வழியில் அதைப் படித்தார்கள். உங்கள் தலைக்கு மேல் நடக்கப்போகிற ஒரு காரியத்தைத் தெருவில் ஒட்டிய தாளில் படித்தால் உங்களுக்கும் கோபம் வரும்தானே. அவர்களுக்கு அது காலுக்குக் கீழே.

ஒன்பது ஆட்சேபக் கடிதங்கள். கடிதங்களின் பிரதி நமக்கும் வரும், பெரும்பாலும் பெயரோடு. அத்தான் ஒவ்வொன்றாக வாசித்து, "இந்தாள் கிழமைக்கு ரெண்டு தரம் எங்களிட்டச் சிப்ஸ் வாங்கிறவன்!" என்று குதித்தார். உண்மையில் அவற்றில் பலவற்றுக்குப் பெறுமதி இல்லை. வீட்டு விலை இறங்கும், ஏற்கெனவே சிக்கன் கடைகள் போதும் என்பதெல்லாம் எடுபடாது. குற்றமும் ஒழுங்கின்மையும், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, சிறுவர் பாதுகாப்பு ஆகிய நான்கில் ஒன்றைத் தொடுகிற ஆட்சேபத்தைத்தான் கவுன்சில் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி. நேரே மேல்வீட்டில் தனியாக இருக்கும் அம்மா எழுதியது. திட்டு இல்லை, பட்டியல்தான். 10.20, இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம், பதினைந்து நிமிடம். 10.50, மொபெட் மூன்று, எஞ்சின் ஓடியபடி. 11.15, ஷட்டர். 11.30, போத்தல்களைத் தொட்டிக்குள் கொட்டுவது. இரண்டு கிழமைக்கு இப்படி. எங்களைக் கவிழ்க்க அந்த ஒரு கடிதமே போதும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நான் போய்க் கதவைத் தட்டினேன். முகம் கொடுக்கவில்லை, ஆனால் உள்ளே விட்டார். "இங்கே இரு, பேசாதே" என்று படுக்கையறையில் ஒரு கதிரையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கீழே பெடியன் கொத்துப் போடத் தொடங்கினான். ஊரில் அந்தத் தாளம்தான் கடைக்கு விளம்பரம். தெருமுனையில் கேட்டாலே வாயூறும். ஆனால் அன்றைக்குத்தான் அதை மேலிருந்து கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கோப்பையும் சோசரும் இருந்தன. சோசரில் கிடந்த கரண்டி ஒவ்வொரு வெட்டுக்கும் கிணுகிணுத்தது. எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

கீழே வந்து அத்தானோடு ஒரு இரவு முழுக்கச் சண்டை. கடைசியில் கொத்து 10.30 வரைக்கும்தான், அதற்கு மேல் ரைஸும் ரோல்ஸும் என்று முடிவானது. தட்டுக்கல்லின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் வைத்தோம். டெலிவரிப் பெடியன்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே வந்து நிற்கவேண்டும், போத்தல் கொட்டுவது காலை எட்டுக்குப் பிறகுதான், மேல்வீட்டார் கூப்பிட ஒரு போன் நம்பர். இவற்றை நிபந்தனைகளாக எழுதி நாங்களே கவுன்சிலுக்குக் கொடுத்தோம். இப்படி முன்கூட்டியே இணங்கினால் சிலர் ஆட்சேபத்தை மீளப் பெறுவார்கள். ஒன்பதில் நாலு பேர் பெற்றார்கள். அந்த அம்மா பெறவில்லை. விசாரணைக்கு வந்து, "இவர்கள் முயற்சி செய்கிறார்கள், ஆனால் 2 மணி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விசாரணையில் மூன்று கவுன்சிலர்கள். சினிமாக் கோர்ட் மாதிரி ஒன்றும் இல்லை, ஆனால் நன்றாகத் தயாராகிப் போங்கள். ஒருவர் கேட்டது: "இரவு ஒரு மணிக்கு நடைபாதையில் நின்று கத்துகிறவர்களிடம் போய்ப் பேசப்போவது யார்?" அத்தான் என்னைப் பார்த்தார். இப்போது வெள்ளி, சனி இரவுகளில் வாசலில் நிற்கிற ஆள் நான்தான்.

முடிவு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். நாங்கள் போகவில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது, அதில் நாங்கள் விழுந்தோம். லைசன்ஸ் வேறு, கட்டடத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பிளானிங் அனுமதி வேறு. இரண்டும் ஒரே கவுன்சில்தான், ஆனால் ஒரு பகுதி தந்தது மற்றப் பகுதியைக் கட்டுப்படுத்தாது. எங்கள் கட்டடத்துக்குக் கடை வைக்க அனுமதி கொடுத்தபோதே 11 மணிக்குப் பூட்டவேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். அதை மாற்றத் தனியாக விண்ணப்பிக்கவேண்டி வந்தது. அது முடியும்வரை லைசன்ஸ் சுவரில் தொங்கியது, ஷட்டர் 11க்கே இறங்கியது. கவுன்சிலின் இணையத்தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பழைய பிளானிங் கோப்புகளை இன்றைக்கே பாருங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

வருமானம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். திங்கள் முதல் புதன் வரை அந்த ஒரு மணி நேரம் கூலிக்கே காணாது. அந்த நாட்களில் இப்போதும் 11க்கே பூட்டுகிறோம். லாபம் வெள்ளி, சனியில்தான். லைசன்ஸ் கையில் வந்தபிறகும் யாரும் மறுபரிசீலனை கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதலாம், அதனால் போன் நம்பர் கொடுத்தால் எடுக்கவும் வேண்டும்.

போன சனிக்கிழமை இரவு 1.15க்கு மேல்வீட்டு அம்மாவிடமிருந்து ஒரு மெசேஜ்: ஷட்டருக்கு எண்ணெய் போட நாள் வந்துவிட்டது. ஞாயிறு காலை ஏணி வைத்துப் போட்டேன்.