உபுண்டுவில் தமிழ்99

கேள்வி: விண்டோஸை விட்டு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறினேன். தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பது எப்படி? பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வேறு ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன.

பதில்: முதலில் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள், பலர் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். அப்புறம் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். ஆங்கில விசைகளில் ஏ, கே, கே, கியூ என்று அடித்துப் பாருங்கள், 'அம்மா' வரும், புள்ளி தானாக விழும்.

பழைய கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல. 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி (jkpo;) என்றுதான் பதிவாகியிருக்கும், பாமினி எழுத்துரு இருந்தால் மட்டும் அது தமிழாகத் தெரியும். அந்த எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம், ஆனால் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ முடியாது என்பதால் எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றின் மூலம் எல்லாவற்றையும் யூனிகோடாக மாற்றிவிடுவதே நல்லது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

லிப்ரெஆபிஸ் அலுவலக மென்பொருளில் எழுத்துரு மாற்றியும் தமிழ் மாறவில்லையா? சிக்கலான உரை அமைப்புக்கான (CTL) எழுத்துருவை மாற்றுங்கள், தமிழ் அதில்தான் வரும்.