வாராவதி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னை போயிருந்தபோது உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வழி சொல்கையில் ‘அம்பட்டன் வாராவதி’ என்றார். எங்கள் வீட்டில் பாலம் என்றுதான் சொல்வோம். வாராவதி என்றால் என்ன? நம் நாட்டுப் பாலங்களையும் அப்படிச் சொல்லலாமா?

வாசகி,
மலபார், போர்ட் எலிசபெத், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

பாலம் என்பது பொதுப்பெயர். கீழே வில்லாக வளைந்த கட்டுமானம் பாதையைச் சுமந்தால் அது வாராவதி. செங்கல் நசுங்காமல் பெரும் பாரம் தாங்கும். ஆனால் படுக்கை வாட்டில் நீட்டினால் விரிசல் விட்டுவிடும். வளைவாக அடுக்கினால் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பாரத்தை இரு கரைக்கும் தள்ளிவிடும். அப்புறம் இரும்பும் கான்கிரீட்டும் வந்து தட்டைப் பாலங்கள் பெருகின; வாராவதி பெரியவர்கள் பேச்சோடு நின்றுவிட்டது.

தெலுங்கில் பாலத்துக்கு வாரதி என்பார்கள். விஜயவாடாவில் கிருஷ்ணா நதி மேல் கனகதுர்கா வாரதி இருக்கிறது. சென்னையில் தெலுங்கு புழங்கிய அளவைப் பார்த்தால், நம் சொல்லும் அங்கிருந்து வந்ததென்றே எனக்குப் படுகிறது.

அம்பட்டன் கதை வேறு. பக்கிங்காம் கால்வாய் மேல் ஹாமில்டன் பெயரில் ஒரு பாலம். ஹாமில்டன் நம்மவர் வாயில் ‘அமட்டன்’ ஆகி அம்பட்டனில் முடிந்தது. அதை நம்பி ஆங்கிலத்தில் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்றே எழுதிவிட்டார்கள் என்பது சென்னையில் சொல்லும் கதை. இப்போது அது அம்பேத்கர் பாலம். சாதிப்பெயர் போனது நல்லது. கூடவே வாராவதியும் போனதில்தான் எனக்கு வருத்தம்.

நம் நாட்டில் தாராளமாகச் சொல்லலாம். உங்கள் ஊருக்கு மேற்கே 1971இல் கட்டிய வான் ஸ்டாடன்ஸ் பாலத்தின் வளைவு 200 மீட்டர். இன்னும் போனால் ஸ்டார்ம்ஸ் ஆற்றின் மேல் 1956இல் முடிந்த பால் சாவர் பாலம். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இத்தாலியப் பொறியாளர் மொராண்டி, கரைக்கு ஒரு பாதியாக வளைவை நிமிர்ந்த வாக்கில் வார்க்கச் செய்து, பிறகு இரண்டையும் மெல்லச் சாய்த்து நடுவில் சேர்த்தார்! அதையும் தாண்டினால் புளூக்ரான்ஸ்: 1984, வளைவு 272 மீட்டர், உயரம் 216. பிள்ளைகள் காலில் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கும் இடம்.

எங்கள் டர்பன் மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் பெரிய வளைவைச் சேர்க்காதீர்கள். அது தாங்குவது கூரையை. ஸ்டார்ம்ஸ் ஆறு கடலில் சேரும் இடத்துத் தொங்கு பாலமும் சேராது. அதுவும் வளைந்துதான் இருக்கிறது, ஆனால் கீழ்நோக்கி.