வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். பாயிண்ட் 32 பிஸ்டலுக்கு லைசென்ஸ் உண்டு. பயிற்சிக்குத் தோட்டா வாங்கியே பணம் கரைகிறது. சுடும் பயிற்சி ரேஞ்சில் பழக்கமான ஒருவர், சுட்டு முடித்த காலி கேஸில் (தோட்டாவின் கூடு) மருந்தும் ரவையும் (பாயும் குண்டு) நிரப்பும் கை பிரஸ் தருகிறாராம். பாதிச் செலவு, குறியும் நன்றாக விழும், உங்கள் லைசென்ஸே போதும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் லைசென்ஸ் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கத்தான். தோட்டா தயாரிக்க, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தனி லைசென்ஸ் வேண்டும். அதே சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரத்தையும்கூட 'தோட்டா' என்றே சொல்கிறது. ஒரு தோட்டாகூட நிரப்பாவிட்டாலும், பிரஸ் அலமாரியில் இருந்தாலே சிக்கல். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள்வரை போகலாம்.

விற்பவருக்கு இதெல்லாம் தெரியும். பில் கேளுங்கள், லைசென்ஸ் புத்தகத்தில் பதிவு கேளுங்கள், ஆளைக் காண முடியாது. மாட்டினால் உங்கள் வீட்டில்தான் சாமான் இருக்கும். இவர்களே நிரப்பிய தோட்டாவைப் பழைய கம்பெனி டப்பாவில் போட்டும் விற்கிறார்கள். பிஸ்டல் கேஸில் மருந்து பல சமயம் பாதிகூட நிறையாது, அதனால் தவறி இரண்டு முறை போட்டாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அப்படிச் சுட்டால் குழல் வெடிக்கலாம். குறைவாகப் போட்டால் ரவை குழலுக்குள் சிக்கும், அடுத்த சுடலில் கையே போகலாம்.

துல்லியம்? 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் நிதானமாகச் சுடும் சுற்றில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். அதற்குள் விழாததற்குக் காரணம் பெரும்பாலும் தோட்டா அல்ல, டிரிகர் விரல்தான்.

ஆனால் உங்கள் கஷ்டம் நியாயமானது. ஒரு பையனின் லைசென்ஸில் உள்ள தோட்டா வரம்பை உயர்த்த நான் கொடுத்த மனு ஓர் அலுவலகத்தில் ஒரு வருடம் தூங்கியது. ஒழுங்காகக் கேட்பவரை இப்படி அலைய விட்டால் தரகரிடம்தானே போவார்கள்!

செலவு குறைய ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத்தில் சுடுவது) பயிற்சி எடுங்கள். குழலின் உள்விட்டம் பாயிண்ட் 177 அங்குலத்துக்கு மேல் போகாமலும், குழலை விட்டு வரும் குண்டின் சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும், ஒன்று மட்டும் போதாது. பாயிண்ட் 22 ஏர் கன்னை 'ஏர்தானே' என்று வாங்கி மாட்டியவர்கள் உண்டு. பத்து மீட்டர் போட்டிக்கான பிஸ்டல் 20 ஜூலில் பாதிகூட வராது, பயப்பட வேண்டாம். அப்புறம், தினமும் அரை மணி நேரம் காலித் துப்பாக்கியில் டிரிகர் இழுத்துப் பழகுங்கள். நீங்கள் பழகும் ரூமுக்குள்ளேயே தோட்டா இருக்கக் கூடாது.

அவரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் போனால் போகட்டும். சாமானை மட்டும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.