வீட்டில் கேட்கிறது, வகுப்பில் கேட்கவில்லை: புது காது மெஷின் வாங்கலாமா?

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறான். வீட்டில் கூப்பிட்டால் திரும்புகிறான். வகுப்பில் டீச்சர் சொல்வது புரியவில்லை என்கிறான். மெஷின் கடையில் ஒன்றரை லட்ச ரூபாய்க்குப் புது மாடல் வாங்கச் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா?
– ஒரு தாய், தருமபுரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா.

வீட்டில் நீங்கள் ஒரு மீட்டர் தூரத்தில் பேசுகிறீர்கள். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். நாலு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 12 டெசிபல் போயிற்று. போதாததற்கு ஃபேன் இரைச்சலையும் மெஷின் சேர்த்தே பெரிதாக்கும். விலை கூடிய மெஷினாலும் இந்தத் தூரத்தை முழுக்க ஈடுகட்ட முடியாது.

முதல் வரிசையில், டீச்சருக்கு ஒன்றரை மீட்டருக்குள், ஓரமாக உட்கார வையுங்கள். கொஞ்சம் திரும்பினால் மற்ற பிள்ளைகள் முகமும் தெரியும். ஃபேனுக்கு நேர் கீழேயும் வாசல் பக்கமும் கூடாது. போர்டில் எழுதிக்கொண்டே பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசும்படி டீச்சரிடம் கேளுங்கள்.

அடுத்து மோல்டை, அதாவது காதின் அளவுக்கு வார்த்து உள்ளே பொருத்தும் அச்சைப் பாருங்கள். பிள்ளையின் காது வளரும், மோல்டு வளராது. இடுக்கு வழியே கசியும் சத்தம் மெஷினின் மைக்குக்கே திரும்பிப் போவதால்தான் 'கீ' என்று விசில் அடிக்கிறது. அது பொறுக்காமல் யாராவது வால்யூமைக் குறைத்துவிடுவார்கள். வீட்டு அமைதியில் அந்தக் குறை தெரியாது. வகுப்பில் பாடமே போய்விடும். புது மோல்டுக்கு ஆகும் செலவு மெஷின் விலையில் சொற்பம். மோல்டையும் மெஷினையும் இணைக்கும் ட்யூப் மஞ்சளித்து விறைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

தினமும் காலையில் அவனுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் நின்று 'ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்' என்று ஒவ்வொன்றாக, இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொல்லட்டும். பிறகு மூன்று மீட்டரில். எது விடுபடுகிறது என்று குறித்துக்கொண்டு ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) போனால், இருக்கிற மெஷினிலேயே செட்டிங்கைத் திருத்த முடியுமா என்று பார்ப்பார்.

கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பரிசோதிப்பவரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன? மெஷின் போட்ட நிலையில் எடுத்த பரிசோதனை முடிவை எழுத்தில் தருவாரா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். 'இலவசப் பரிசோதனை', 'எக்ஸ்சேஞ்ச்' எல்லாம் விற்பனைக்கான தூண்டில். காதுக்குள் மறையும் குட்டி மெஷினை வளரும் பிள்ளைக்குத் தள்ளிவிடுபவரை நம்பவே வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் புரியவில்லை என்றால், டீச்சர் சட்டையில் வாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டி, அவர் குரலை நேராக மெஷினுக்கே அனுப்பும் ரிமோட் மைக் இப்போதுள்ள மெஷினோடு சேருமா என்று விசாரியுங்கள். தூரத்துக்கு மருந்து அதுதான்.

அரசு முகாமில் மெஷின் கொடுத்துப் போட்டோ எடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து மோல்டுக்கும் பேட்டரிக்கும் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் எழுத்தில் மனு கொடுத்து, விடாமல் கேளுங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மேலே சொன்னது பொருந்தாது: காதில் சீழ். சளிப் பிடித்த வாரத்தில் திடீரென்று கேட்பது குறைந்தால், தலையணையில் கறை இருக்கிறதா, மோல்டில் நாற்றம் அடிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் காதில் மெஷின் போடக் கூடாது. வால்யூமைக் கூட்டவும் கூடாது, எண்ணெய் விடவும் கூடாது. உடனே ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள். மற்றக் காதில் மெஷின் இருக்கட்டும். அந்தப் பக்கம் டீச்சரை நோக்கி இருக்கும்படி இடம் மாற்றுங்கள். டாக்டர் சரி என்ற பிறகு, மோல்டை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ட்யூபில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஊதிக் காயவைத்து மாட்டுங்கள்.