கேள்வி – பதில்: மேற்கே பார்க்க வேண்டிய கிரகணம்

2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி முழுச் சூரிய கிரகணம் என்கிறார்கள். மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் நின்றால் தெரியுமா?
– வாசகர், நாவற்குடா

முழுக் கிரகணம் நமக்கில்லை. சந்திரனின் கருநிழல் தென் ஸ்பெயின், வட ஆபிரிக்கா, சவூதி அரேபியா வழியாகப் போய் இந்து சமுத்திரத்தில் முடிகிறது. எகிப்தின் லக்சோர் பக்கம் 6 நிமிடத்துக்கு மேல் சூரியன் முழுதாக மறைந்திருக்கும். நமக்குக் கிடைப்பது பின்னேரத்துப் பகுதிக் கிரகணம். அப்போது சூரியன் மேற்கே சரிந்திருக்கும். கிழக்கே கடலைப் பார்த்து நின்றால் கிரகணம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நடக்கும். மேற்கு வெளித்த வாவிக்கரையோ, அம்பாறைப் பக்கமென்றால் வயல்வெளியோதான் வசதி.

வாவியில் இன்னொரு ஆபத்து உண்டு. சூரியன் தாழத் தாழ, தண்ணீர் திருப்பி அனுப்பும் வெளிச்சம் கூடும். தண்ணீரில் தெரியும் சூரியனையும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. சட்டியில் மஞ்சள் தண்ணீர் வைத்துப் பார்ப்பதும் இதே கதைதான்.

எக்ஸ்ரே படம், கரி பிடித்த கண்ணாடி போதாதா? கராஜில் வெல்டிங் கண்ணாடியும் இருக்கிறது.
– வாசகர், களுவாஞ்சிகுடி

போதாது. கண் கூசாததால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அவற்றினூடாகத் தாராளமாக வரலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையின் நடுவில் கரும்புள்ளி விழுந்தது சில மணித்தியாலம் கழித்துத்தான் புரியும். வெல்டிங் கண்ணாடியில் 14ஆம் இலக்கம் சரி. கராஜ்களில் வழக்கமாக இருக்கும் 10, 11 போதாது.

கிரகணக் கண்ணாடியில், சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான சர்வதேசத் தர இலக்கமான ஐஎஸ்ஓ 12312-2 என்று இருக்க வேண்டும். அச்சடிப்பதை யாரும் அச்சடிக்கலாம் என்பதால் நீங்களும் சோதியுங்கள்: போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நின்றால் மேசை, கதவு எதுவும் தெரியக் கூடாது. கீறலோ ஊசித்துளையோ இருந்தால் வீசிவிடுங்கள். நல்ல கிரகணக் கண்ணாடியானாலும் அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே கூடாது. வில்லை குவிக்கும் வெப்பம் படலத்தைப் பொசுக்கிக் கண்ணுக்குள் போகும்.

முழுக் கிரகணத்தின்போது கண்ணாடியைக் கழற்றலாம் என்று படித்தேனே?
– வாசகி, அக்கரைப்பற்று

கழற்றலாம், முழுதாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடம் மட்டும். வைரமோதிரம் போன்ற கடைசிப் பொட்டும் அணைந்த பிறகு கழற்றி, மறுபக்கம் முதல் மினுக்கம் வந்தவுடன் திரும்பப் போட வேண்டும். 99 வீதம் மறைந்தாலும் மிச்சமுள்ள 1 வீதம் முழுநிலவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசம். இலங்கையின் ஒரு பகுதிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது 1955 ஜூன் 20இல், பொலனறுவைப் பக்கம். 2031 மே 21இல் யாழ்ப்பாணத்தில் தெரியப்போவது வளையக் கிரகணம், சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாக மிஞ்சும்; அதில் கழற்றும் நேரமே கிடையாது. 2027இல் நமக்கும் அப்படித்தான்.

கிரகணத்தில் உலக்கை நிற்குமாம். கர்ப்பிணிகள் வெளியே வரலாமா?
– வாசகி, காரைதீவு

அடி தட்டையான உலக்கை மட்டமான தரையில் எந்த நாளும் நிற்கும். கிரகணத்தில் சூரியனிலிருந்து புதுக் கதிர் எதுவும் வருவதில்லை; கர்ப்பிணிகள் தாராளமாக வரலாம், சாப்பிடலாம்.

40 பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கண்ணாடி வாங்கக் காசில்லை.
– ஆசிரியர், ஏறாவூர்

முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியொன்று போதும். அதன்மேல் 5 மில்லிமீற்றர் துளையிட்ட கறுப்புக் கடதாசியை ஒட்டி, மேற்கு வெயில் படும் இடத்தில் கதிரைமேல் களிமண் உருண்டையில் பதியுங்கள். தெறிக்கும் ஒளியைக் கதவு வழியாக இருட்டான வகுப்பறைச் சுவருக்குத் திருப்புங்கள். 10 மீற்றர் தூரத்தில் 9 சென்ரிமீற்றர் அகலச் சூரியன் விழும். தூரத்தை 109ஆல் வகுத்தால் அகலம் வரும். படம் மங்கல் என்று துளையைப் பெரிதாக்கினால் விளிம்பு கலங்கி, கடிபட்ட இடம் மறைந்துவிடும். அறையை இன்னும் இருட்டாக்குங்கள். சூரியன் நகர்வதால் கண்ணாடியை அடிக்கடி திருப்ப வேண்டிவரும். கண்ணாடியருகே பெரியவர் ஒருவர் நிற்கட்டும். பிள்ளைகள் பார்க்க வேண்டியது சுவரை, கண்ணாடியை அல்ல.