பொனற்றுக்குள்ளே புழுதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, நான் பரந்தன். என்னிடம் 2002ஆம் ஆண்டு சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். இருக்கிறது, இரண்டு லீற்றர் டர்போ. எயார் பில்ற்றர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு பில்ற்றர் போட்டால் சத்தமும் வரும், இழுவையும் கூடும் என்று கூட்டாளிமார் நிற்கவிடுகிறார்கள் இல்லை. வீட்டிலிருந்து ஏ9 வீதிக்கு ஏற இரண்டு கிலோமீற்றர் கிரவல் ரோட்டு. போடலாமா?

பதில்: சத்தம் கட்டாயம் வரும் தம்பி. இழுவைதான் சந்தேகம்.

இஞ்சினுக்கு வேண்டியது காற்றின் எடை, பருமன் இல்லை. சூடான காற்று ஐதானது. மூன்று பாகை கூடினால் ஏறத்தாழ ஒரு வீதம் எடை குறையும். வெளியே 33 பாகை, பொனற்றுக்குள்ளே 60 பாகை என்று வைத்துக்கொள், எட்டு வீதம் அங்கேயே போய்விட்டது. உன் காரின் பெட்டி முன்பக்கத்தால் வெளிக்காற்றை எடுக்கிறது, நீ போடப்போகும் கூம்போ சூட்டுக்குள் உட்கார்ந்து அதே சூட்டை உறிஞ்சும். ஓட்டம் பிடித்தால் சூடு கொஞ்சம் தணியும், ஆனால் சித்திரை வெயிலில் சந்தியில் நின்று கிளம்பும்போது தெரியும். டர்போ, அதாவது புகையின் விசையால் சுழன்று காற்றை அமத்தி இஞ்சினுக்குள் தள்ளும் விசிறி, ஈடுகட்டப் பார்க்கும், பார்த்தால் காற்று இன்னும் சூடேறும், பெற்றோல் நேரம் தப்பி வெடித்து இஞ்சின் தட்டத் தொடங்கும், கொம்பியூட்டர் பயந்துபோய் இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், இழுவை குறையும். பொனற்றின் மேலே வாய் இருக்கிறதே, அதால் காற்று வரும்தானே என்று கேட்காதே. அது டர்போ தள்ளும் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலருக்கு, பில்ற்றருக்கு இல்லை.

இன்னொன்று. காற்றை அளக்கும் சூட்டுக்கம்பி சென்சர், பில்ற்றர் பெட்டி மூடியின் வாயில் இருக்கிறது. அந்தக் குழாயின் அகலத்தை வைத்துத்தான் கொம்பியூட்டர் கணக்குப் போடுகிறது. நீ அகலமான குழாய் போட்டால் காற்று ஆறுதலாக ஓடும், சென்சர் குறைத்துச் சொல்லும், பெற்றோல் குறைவாக விழும். டர்போ காரில் பெற்றோல் குறைந்தால் உருகுவது பிஸ்டன். கொம்பியூட்டரைத் திரும்ப ரியூன் பண்ண ஆளில்லாமல் அந்தப் பக்கமே போகாதே.

பெட்டி உண்மையிலேயே மூச்சை அடைக்கிறதா என்று முதலில் அளந்து பார். மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான ரியூப்பை ‘யூ’ போல வளைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு முனையைப் பில்ற்றருக்கும் டர்போவுக்கும் இடையில் கொடு, மற்ற முனை திறந்திருக்கட்டும். ரியூப் நீளமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரையே இஞ்சின் குடித்துவிடும். பக்கத்தில் ஒருவரை இருத்தி, இரண்டாவது கியரில் அக்சிலரேற்றரை முழுதாக அமத்து. 70 என்ற வேகக் கட்டுப்பாட்டைத் தாண்டமுன்னமே கணக்குத் தெரிந்துவிடும். இரு பக்கத் தண்ணீருக்கும் பத்து அங்குல வித்தியாசம் வந்தால்கூட, இழப்பு வளிமண்டல அழுத்தத்தில் இரண்டரை வீதம்தான். அதற்காகவா இவ்வளவு ஆரவாரம்? பிறகு பில்ற்றருக்கு முன்னாலும் ஒருக்கால் அள, தடை பில்ற்றரிலா முன்குழாயிலா என்பது வெளிச்சமாகிவிடும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் உன்னுடைய அந்த இரண்டு கிலோமீற்றர். நானும் ஒரு காலத்தில் கூம்பு போட்டவன்தான். மாங்குளம் பக்கம் ஒரு கிரவல் ரோட்டில் கூம்பைப் பிடிக்கும் கிளிப் கழன்றது தெரியாமல் ஒரு கிழமை ஓடினேன். பிறகு குழாய்க்குள் விரலை விட்டால் செங்கல் அரைத்த மாதிரிச் சிவப்பு மா. அந்த மா டர்போவின் இதழைத் தேய்க்கும், சிலிண்டரைக் கீறும், பிஸ்டன் ரிங் போகும், பின்னால் நீலப் புகை வரும். என் காருக்கு வந்தது. எண்ணெய் பூசிய துணிப் பில்ற்றரும் இந்த மண்ணுக்கு எனக்குப் பிடிக்காது. பழைய மசி ட்ராக்டரில் எண்ணெய்ப் பாத்திரம் வைத்துப் புழுதி பிடித்தார்களே, அந்த யோசனைதான், ஆனால் ட்ராக்டரில் சூட்டுக்கம்பி இல்லை; கூடப் பூசினால் எண்ணெய் கம்பியில் படிந்து கணக்கைக் குழப்பும்.

பெட்டியை வைத்துக்கொள். நல்ல கடதாசிப் பில்ற்றர், சரியான ரப்பர் விளிம்பு, வெடிப்பில்லாத குழாய். மிச்சக் காசுக்கு 95 ஒக்ரேன் அடி.

கேள்வி: வவுனியாவில் ஹொண்டா சிவிக் ஈ.கே. வைத்திருக்கிறேன். குழாயைப் பம்பருக்குள் இறக்கிக் குளிர்காற்று எடுக்கலாமா?

பதில்: கூம்பை மேலே வைப்பதைவிட இது புத்தி. உங்கள் காரில் சூட்டுக்கம்பியும் இல்லை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மனிபோல்ட் குழாயின் அழுத்தத்தைப் பார்த்துத்தான் பெற்றோல் விடுகிறது, ஆகவே குழாயின் அகலத்தால் பெரிய தலையிடி வராது. ஆனால் 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியில் வீதிகள் எப்படிக் கிடந்தன என்று நினைத்துப் பாருங்கள். பம்பருக்குள் இறக்கிய குழாய் அந்த வெள்ளத்தை உறிஞ்சும், காற்றைப்போலத் தண்ணீரை அமத்திச் சுருக்க முடியாது. ஒரு மிடறு சிலிண்டருக்குள் போனாலே பிஸ்டனைப் பிடிக்கும் கனெக்டிங் ரொட் வளையும். ஐப்பசி பிறக்கப் பழைய பெட்டியை மாட்டிவிடுங்கள்.

கேள்வி: பில்ற்றரைக் கொம்பிரசரில் ஊதித் திரும்பப் போடலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: கடதாசி கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். வழியே இல்லையென்றால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக, தூரத்தில் பிடித்து ஊதுங்கள். மெல்லிய புழுதி படிந்த பில்ற்றர் புதியதைவிட நன்றாக வடிக்கும், அதனால் நிறம் மாறிவிட்டது என்று கிழமைக்கொரு தடவை கழற்றாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் இருக்கும் புழுதிதான் உள்ளே விழுகிறது, முதலில் ஈரத்துணியால் பெட்டியைத் துடையுங்கள்.