வாடைக்குக் கரையேறிய பாய்ப்படகு: கேள்வி பதில்

ஐப்பசிக் கடைசியில் என்னுடைய 28 அடி பைபர் பாய்ப்படகைக் கரையேற்றினேன். அதற்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மூட்டுவலி என்னைவிட அதற்குத்தான் கூட. திருகோணமலையில் வாடை தொடங்கினால் தை முடியுமட்டும் கடல் எங்களுக்கில்லை. அந்த மாதங்களில் பழைய படகை என்ன செய்வதென்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

நிலாவெளியிலிருந்து: அண்ணன், படகு ஏத்தின கையோட அடிப்பக்கத்துக்குப் பெயின்ற் அடிக்கலாமா? வெளிநாட்டு வீடியோக்களில குளிர்காலத்திலதானே எல்லா வேலையும் செய்யிறாங்கள்?

சுரண்டலாம் தம்பி, பூசக் கூடாது. அவர்களுக்குப் பயம் உறைபனி. எஞ்சினுக்குள் நிற்கிற தண்ணீர் உறைந்து இரும்பை வெடிக்க வைத்துவிடும். எங்களுக்கு எதிரி ஈரம். படகின் மேற்பரப்பு, பனி படிகிற வெப்பநிலையைவிட குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சுக்கும் படகுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் இருக்கும். எப்பொக்சிப் பிசின் இன்னும் மோசம். ஈரக்காற்றில் இறுகும்போது மேலே மெழுகுமாதிரி ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரால் கழுவாமல் சாண்ட் பேப்பர் போட்டால், அந்த மெழுகையே உள்ளே தேய்த்துவிடுவீர்கள்.

படகின் அடியில் ஒட்டி வளர்கிற கொட்டலசை, படகை ஏற்றிய அன்றே, ஈரம் காயுமுன் சுரண்டுங்கள். காய்ந்தால் கல். பழைய பாசித்தடுப்புப் பூச்சில் செம்பு இருக்கிறது, அதன் தூசு நஞ்சு. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் தேய்க்க வேண்டும். மழைநாளுக்குத் தோதான வேலை. பூச்சை மாசிக்கு வையுங்கள். அப்போதும் 'மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பதை மறக்காமல், காலை பத்துக்கு முன் பிரஷைத் தொடாதீர்கள், பிற்பகல் மூன்றுக்கு மேல் தொடராதீர்கள்.

கிண்ணியாவிலிருந்து: முட்டுக்கால் குடுத்து நிப்பாட்டியிருக்கிறேன். மேலே படங்கு (தார்ப்பாய்) போட்டால் போதுமா?

முட்டுக்கால் பாரம் சுமப்பதற்கில்லை. பாரம் முழுவதும் ஏராவில், அதாவது படகின் அடி நடுக்கட்டையில், இறங்க வேண்டும். முட்டு, படகு சரியாமல் பிடிக்கத்தான். எதிரெதிர் முட்டுகளைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டுங்கள். படங்குக் கயிற்றை மட்டும் முட்டுக்காலில் கட்டாதீர்கள். ஒரு வருடம் நான் கட்டினேன். இரவு வாடை படங்கைத் தூக்க, படங்கு முட்டைப் பிடுங்க, விடிய எழும்பிப் பார்த்தால் படகு பக்கத்துத் தென்னையில் சாய்ந்துகொண்டு நின்றது. இப்போது தண்ணீர் நிரப்பிய கான்களைத்தான் கயிற்று நுனியில் தொங்கவிடுகிறேன்.

அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, கொஞ்சம் உயர்த்தி வைத்து, அடித்துவார மூடியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கரையில் நிற்கிற படகை மழையும் நிரப்பும். முடிந்தால் பாய்மரத்தையும் இறக்குங்கள். 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் எங்கள் கரையில்தான் ஏறியது.

மூதூரிலிருந்து: என்ர மரப்படகு. உப்புத் தண்ணியில இருந்து காப்பாத்தத்தானே கரையேத்தினது, பிறகேன் உக்குது?

மரத்தை உக்க வைப்பது உப்புத்தண்ணீர் இல்லை, மழைத்தண்ணீர். உப்பில் அந்தப் பூஞ்சை சரியாக வளராது. மழைநீர் தேங்குகிற மூலைகளை, தளமும் பக்கப்பலகையும் சேருகிற இடங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். அமிழ்ந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டியதுதான். மேலே றெசின் பூசி மூடினால் உள்ளே தொடர்ந்து உக்கும். மூடிகளை இறுக்காமல் காற்றோட விடுங்கள். குங்கிலியமும் புன்னை எண்ணெயும் சேர்த்துப் பலகை இடுக்கை அடைத்த பெரியவர்கள் சும்மா செய்யவில்லை. ஆனால் அதையும் பலகை காய்ந்த பிறகு.

குருநகரிலிருந்து ஒரு தங்கச்சி: பாயைக் கழுவ வெளுக்கும் மருந்து போடலாமா?

வேண்டாம் அம்மா. நைலோன் பாயென்றால் குளோரின் அதைக் கெடுத்துவிடும். நல்ல தண்ணீர், மெல்லிய சோப்பு, நிழலில் காயவிட்டுச் சுருட்டுங்கள். துணிக்கு முன் வெயிலில் சாவது தையல்நூல். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், அறுந்தால் தையற்காரரிடம் கொடுங்கள். எலியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

சிங்க் கட்டி எப்ப மாத்துறது?

தான் கரைந்து மற்ற உலோகங்களைக் காக்கிற கட்டி அது. பாதி கரைந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ற் அடிக்காதீர்கள்.

படகின் அடியில இருக்கிற பித்தளை வால்வு ஒன்று செம்பு நிறமாயிட்டுது. பாதகமில்லையா?

பாதகம். அதிலிருந்த நாகம் (சிங்க்) கரைந்து போய்விட்டது, மிச்சம் கடற்பஞ்சு மாதிரி. வெண்கல வால்வு போடுங்கள். படகு தாழ்வதற்கு அந்த ஓட்டை ஒன்றே போதும்.

றெசினுக்குக் கலக்கிற இரண்டு போத்தலையும் முதலே ஒன்றாக ஊத்தி வைக்கலாமா?

ஒருபோதும் வேண்டாம்! இறுகுவதைத் துரிதமாக்கும் கோபால்ட்டும் இறுக வைக்கும் கற்றலிஸ்ற்றும் நேராகச் சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை றெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் மற்றது.

சென்னையிலிருந்து: ஐயா, பாய்மரத்தைப் பிடிக்கும் ஸ்டீல் கம்பிகள் பளபளவென்று இருக்கின்றன. 15 வருடம் ஆகிறது. மாற்ற வேண்டுமா?

கம்பியைப் பார்க்காதீர்கள், அது போய்ச் செருகுகிற முனையைப் பாருங்கள். உப்புநீர் அங்கேதான் இறங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். துருக்கோடோ, அறுந்த ஒரு இழையோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும், நம் வெப்பக்கடலில் 15 வருடம் போதும். நான் போன வருடம் எல்லாவற்றையும் மாற்றினேன். அதனால்தான் இந்த வருடமும் பழைய பாய்.